கூடை சுமந்தவரும் துவக்கு ஏந்தியவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘உலக மகா யுத்தமும் பெண்களும்’ என்ற தலைப்பிலே பேசும்படி செயலாளர் பணித்தார். இத்தகைய தலைப்பைக் கொடுத்தால் நம் பேச்சாளர்கள் எங்கே தொடங்குவார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயிடத்தில் தொடங்குவார்கள். அந்தத் தாயை வணங்கி, அவரை இன்று ஒருநாள் ஓய்வாக இருக்க விடுகிறேன். அவரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய ஆசிரியர்கள் இச்சபையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எனக்குக் கிடைத்த கல்விக்கு நான் என்றும் நன்றியுடையவள். பத்தாம் வகுப்பிலே இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஆங்கில நாட்டுத் தாதியரைப் பற்றியும், குண்டு செய்யும் ஆலைகளிலே வேலை செய்த பெண்களைப் பற்றியும், ஆண்கள் படைக்குப் போனபின் பஸ்வண்டியில் டிக்கெட் கொடுத்த பெண்களைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதினேன். நல்ல புள்ளிகள் கிடைத்தன. அந்தக் கட்டுரையை விடுமுறையில் என் அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “எங்க ஆத்தா பேர ஏன் புள்ள எழுதல? அதுவும் சண்டைக் காலத்துல வேல செஞ்சதுதானே?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் பூட்டிக்கும் ஹிட்லரின் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நினைத்தேன். பேராதனைக்குப் படிக்கப் போனபின்தான் அம்மாயியின் கேள்வி சரியானது என்று விளங்கியது. அதற்கு நான் எழுதத் தவறிய விடையைத்தான் இன்று இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சிறிய கணக்கு. பிரித்தானியாவிலே 1940 ஜூலை மாதத்தில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஓர் ஆளுக்கு வாரமொன்றுக்கு 2 அவுன்ஸ். அந்தப் பங்கீடு யுத்தம் முடிந்தபின்னும் நீடித்து 1952 அக்டோபரில்தான் நீங்கியது. குண்டு விழுந்து வீடிழந்தவனுக்கு முதலில் நீட்டப்பட்டது ஒரு கோப்பைத் தேநீர், படையாளுக்கும் அதுவே, ஆலையில் இராவேலை செய்தவளுக்கும் அதுவே. ஆகையினாலே அரசாங்கம் தேயிலையைத் தானே மொத்தமாக வாங்கிப் பங்கிட்டது. சரி, அந்த 2 அவுன்ஸ் எங்கிருந்து வந்தது? நாலரை றாத்தல் பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, சூடுபட்டு வந்தால் ஏறக்குறைய ஒரு றாத்தல் தேயிலை. ஒருத்தி ஒருநாளில் 27 றாத்தல் கொழுந்து பறித்தாள் என்று வைத்துக்கொள்வோம். அது 6 றாத்தல் தேயிலை, அதாவது 96 அவுன்ஸ். 48 பேருடைய ஒரு வாரப் பங்கு. வாரத்தில் ஆறு நாளும் அவளுக்குப் பேர் விழுந்தால் 288 பேர். இலண்டனிலே ஒரு முழுத் தெருவுக்கு, டிக்கோயாவில் ஒரே ஒருத்தியின் கை.

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனெனில் பத்தாம் வகுப்புக் கட்டுரையிலே அந்தத் தேநீரை ஊற்றிக் கொடுத்த ஆங்கிலப் பெண்ணைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன்.

1942ஆம் ஆண்டுக்கு வருவோம். பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அடுத்த மாதம் இரங்கூனும் ஜாவாவும் போயின. உலகத்து இயற்கை றப்பரிலே பத்தில் ஒன்பது பங்கு விளைந்த நாடுகள் இவ்வாறு சில வாரங்களில் கைமாறின. மிஞ்சியிருந்த சிறிய இடங்களுள் பெரியது இலங்கை. ஆகாய விமானச் சக்கரத்துக்கும் லொறிச் சக்கரத்துக்கும் றப்பர் வேண்டுமென்று, மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற நிலையிலே இங்கே பால் வெட்டினார்கள். களனிப் பள்ளத்தாக்கிலும் களுத்துறைப் பக்கத்திலும் அந்தக் கத்தியைப் பிடித்த கைகளிலே பெண்களின் கைகளும் உண்டு. ஏப்ரில் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே குண்டு விழுந்தது. 9ஆந் தேதி திருகோணமலையிலே விழுந்தது. 1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனைக்கே கொண்டுவந்தார். நான் இன்று விரிவுரைக்குப் போகும் வழியிலுள்ள பூந்தோட்டத்திலேதான் அந்தத் தலைமையகம் இருந்தது.

இந்தக் காலத்தில் இங்கே வந்து பணிசெய்த அந்நியப் பெண்களையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். பிரித்தானிய அரசாங்கம் 1941 டிசம்பரிலே சட்டமியற்றி, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைத் தேசிய சேவைக்கு அழைத்தது. கடற்படையைச் சேர்ந்த பெண்கள் கொழும்பிலிருந்து ஜப்பானியரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு எழுதினார்கள். 1944 பெப்ரவரி 12ஆந் தேதி மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெதீவ் இஸ்மாயில்’ என்ற கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மாலைதீவுக்கு அருகே மூழ்கடித்தது. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் கப்பல் தாழ்ந்துவிட்டது. மாண்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள்; தாதியரும் கடற்படைப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பெயர்கள் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அது நியாயமே.

எங்கள் தோட்டத்திலும் பெயர் எழுதப்பட்டது. விடியுமுன் பிரட்டுக்களத்திலே எழுதப்பட்டது. மாதமுடிவிலே கணக்கோடு கணக்காக மூடப்பட்டது. இந்திய அரசாங்கம் 1939 ஆகஸ்ட் முதல் புதிய தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்திருந்தபடியால், யுத்தகாலத்திலே கூடுதலாகத் தேவைப்பட்ட கொழுந்தையும் பாலையும் இங்கே ஏற்கெனவே இருந்தவர்களே கொடுக்கவேண்டியிருந்தது. என் பூட்டிக்கு அப்போது பதினேழு வயது, புதிதாக மணமானவர். நெற்றியிலே கயிறு போட்டுக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, இடுப்பிலே படங்கு கட்டி, மழையானால் தலையிலே கொங்காணி போட்டு மலையேறுவார். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு. பிள்ளை பிறந்தபின் பிள்ளைமடுவத்துக்கும் நிரைக்கும் இடையே ஓட்டம். குறைந்தால் கங்காணி அரைப்பேர் என்று சொல்லிவிடுவான். 1929இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மேல்நாட்டுத் தோட்டங்களிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். யுத்தத்தோடு கூலி சிறிது ஏறியது, சாமான் விலை அதைவிட வேகமாக ஏறியது; ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் மட்டும் அசையவேயில்லை.

சோற்றின் கதை தனிக்கதை. பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு இது. இரங்கூன் வீழ்ந்தபின் அரிசிக்குக் கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. மாவை என்ன செய்வதென்று முதலில் பலருக்குத் தெரியவில்லையாம். கூழாகக் காய்ச்சிப் பார்த்தார்களாம், களியாகக் கிண்டினார்களாம், பசையாய்ப் போனதாம். பிறகு தட்டிச் சுட்டார்கள். தோட்டத்து ரொட்டி, தேங்காய்ச் சம்பல், வெறுந்தேநீர் என்று நாம் இன்று நம்முடைய சொந்தச் சாப்பாடு போலப் பேசிக்கொள்வது யுத்தத்தோடு லயத்துக்குள்ளே நிலைத்த ஒன்று. அதைப் பழக்கிக்கொண்டு, பிள்ளைகள் வாயிலும் இறங்கச் செய்தவர்கள் லயத்துப் பெண்களே. அம்மாயி ரொட்டி தட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டது எவ்வளவு பொருத்தம் என்று இப்போது நினைக்கிறேன்.

இதையெல்லாம் அவர்கள் வாய்மூடிச் சகித்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம். 1940 ஜனவரியிலே ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு கூடியபோது அவருடைய மனைவியின் சார்பிலே கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். கணவனைப் பறிகொடுத்த ஒரு தோட்டத்துப் பெண்ணின் வழக்கு நாடறிந்த வழக்காகி, தோட்டத்துக்குள்ளே சங்கம் வைப்பதைப் பற்றிய பேச்சு சட்டசபை வரை சென்றது.

அதே 1940ஆம் ஆண்டிலே நம்முடைய ஹட்டனிலிருந்து இன்னொரு பெண்ணின் குரல் எழுந்தது. கோ. நடேசையரை எல்லோரும் அறிவோம், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர், தொழிற்சங்கத்தின் முன்னோடி. அவர் மனைவியார் மீனாட்சியம்மாளை எத்தனை பேர் அறிவோம்? எழுதப் படிக்கத் தெரியாத சனங்களின் கூட்டத்திலே நீண்ட பிரசங்கத்தைவிடப் பாட்டுப் போய்ச் சேரும் என்று கண்டு, தாமே பாட்டுக் கட்டி, தாமே மேடையிலேறிப் பாடியவர் அவர். அந்தப் பாடல்களை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் நூலாக வெளியிட்டார். ஒருபக்கம் யுத்தம், இன்னொருபக்கம் இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்ற முழக்கம், இடையிலே ஒரு பெண் மேடையிலே நின்று பாடுகிறார். நம் சங்கத்து மேடையிலே பெண்பிள்ளைகள் நடனமாட மட்டும் ஏறுகிறார்கள் என்று சென்ற ஆண்டு ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கு இந்தச் செய்தி உவப்பாயிருக்கும்.

இனி, கடல் கடந்து மலாயாவுக்குப் போகவேண்டும். மலைநாட்டுக்கும் மலாயாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இரத்தத்திலே இருக்கிறது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று நம் முன்னோர் புறப்பட்ட அதே ஊர்களிலிருந்துதான் மலாயாத் தோட்டங்களுக்கும் ஆட்கள் போனார்கள். மண்டபம் முகாமுக்குப் போனவன் தேயிலைக்கு வந்தான். நாகப்பட்டினத்திலே கப்பலேறியவன் பினாங்குக்குப் போய் றப்பர் வெட்டினான். அக்காள் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு. யுத்தம் வந்தபோது அக்காள் பிரித்தானியன் பக்கத்திலும் தங்கை ஜப்பானியன் பக்கத்திலும் நின்றார்கள். இருவரில் ஒருவரையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2ஆந் தேதி சிங்கப்பூருக்கு வந்தார். 9ஆந் தேதி பெருங்கூட்டத்தில் பேசியபோது, பெண்களைக் கொண்ட ஒரு படை வேண்டும், அதற்கு ஜான்சி ராணியின் பெயர் வைக்கவேண்டும் என்றார். கூட்டத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டுவது எளிது, மகளை அனுப்புவது கடினம். சென்னை வைத்தியக் கல்லூரியிலே படித்து 1940இல் சிங்கப்பூருக்கு வந்து, கூலித் தொழிலாளரின் மனைவியர்க்கு வைத்தியம் செய்துவந்த இலட்சுமி சுவாமிநாதன் என்ற டாக்டர் முன்வந்தார். 12ஆந் தேதி, அவர் திரட்டிய ஒரு சிறு குழு வெள்ளைச் சேலை உடுத்து, பழக்கமில்லாத பாரத் துவக்கைத் தூக்கி, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தது. அக்டோபர் 22ஆந் தேதி சிங்கப்பூரிலே பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேலை போய்க் காக்கிக் காற்சட்டை வந்தது. நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. காலையிலே கவாத்து, பிறகு துவக்குப் பயிற்சி, படம் பார்த்து வழியறிதல், காயத்துக்குக் கட்டுக்கட்டுதல்.

நவராத்திரியிலே எட்டுக் கையிலும் ஆயுதம் பிடித்த துர்க்கையை வைத்துக் கும்பிடுகிற நம்மவர், வீட்டுப்பெண் ஒரே ஒரு ஆயுதத்தைத் தொட்டால் பதறுகிறார்கள். அங்கேயும் அப்படித்தான். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் வசதியான குடும்பத்துப் பெண். போஸின் பேச்சைக் கேட்டுத் தன் காதணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, படையிலும் சேர விண்ணப்பம் எடுத்துவந்தார். தந்தையார் கையெழுத்திட மறுத்தார். இலட்சுமியே வீட்டுக்குப் போய்ப் பேசி இணங்கவைத்தார். ஜானகிக்கு அப்போது வயது 18. ஈப்போவிலே பிறந்த இராசம்மா நவரத்தினம் யாழ்ப்பாணத்து வம்சாவளி, மெதடிஸ்த குடும்பம், 16 வயதிலே தமக்கை பொன்னம்மாவோடு சேர்ந்து படையிற் புகுந்தார்.

ஆனால் ராணிப்படையிலே பெரும்பகுதியினர் இத்தகைய வீட்டுப்பெண்கள் அல்லர். றப்பர்த் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பெரும்பாலோர் எழுத்தறியாதவர், இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர். காணாத நாட்டுக்காக இவர்கள் ஏன் போனார்கள்? தேசபக்தி என்று ஒரே சொல்லிலே முடிப்பவர்கள் அந்தத் தோட்டங்களை அறியாதவர்கள். லயத்திலே ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவளை முகாமிலே ‘ராணி’ என்று அழைத்தார்கள். துரையையும் கங்காணியையும் கண்டு ஒதுங்கி நின்றவள் நிமிர்ந்து நடக்கக் கற்றாள். டாக்டரின் மகளும் பால்வெட்டுக்காரியின் மகளும் ஒரே வரிசையிலே தட்டை நீட்டிச் சாப்பிட்டார்கள். சாதி பார்த்து அடுப்புப் பிரித்த நம் சமுதாயத்திலே அது துவக்கைவிடப் பெரிய காரியம். வேளாவேளைக்குச் சோறு கிடைத்ததும் ஒரு காரணமே. பஞ்சகாலத்திலே அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போஸின் படை ஜப்பானியரோடு சேர்ந்து நின்றது. அதே ஜப்பானியர்தாம் 1942இலும் 1943இலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் இரும்புப்பாதை போடவைத்தார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கே மடிந்தார்கள். புருஷன் அந்தப் பாதையிலே போனவன் திரும்பாமல், பிள்ளைகளோடு மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிழைத்த பெண்களின் தொகை ராணிப்படையின் தொகையைப் போலப் பலமடங்கு. இதை மறைத்துவிட்டு ராணிகளைப் புகழ்வது நேர்மையன்று என்பது என் எண்ணம். இதைச் சொல்வதனால் அந்தப் பெண்களின் துணிவு குறைந்துவிடுமென்றும் நான் நினைக்கவில்லை.

ராணிப்படையினர் எத்தனை பேர்? 1,000 என்றும் அதற்கு மேலென்றும் பழைய நூல்கள் கூறும். எஞ்சியிருந்த ராணிகளைத் தேடிச் சென்று கண்டு 2016இல் நூல் வெளியிட்ட வேரா ஹில்டெப்ராண்ட் என்ற அம்மையார் ஏறக்குறைய 450 என்கிறார். அவர்கள் போர்முனையிலே சுட்டதாகவும் பகைவரை வீழ்த்தியதாகவும் விழாமலர்களிலே நம்மவர் எழுதுவதுண்டு. அவர்கள் முன்னணியிலே போரிடவில்லை. 1944இல் ஒரு பகுதியினர் பர்மாவிலுள்ள மேமியோவுக்குப் போனார்கள். இம்பால் தாக்குதல் தோற்று, காய்ச்சலும் காயமுமாகத் திரும்பிய படையாட்களைக் குண்டுவீச்சுக்கிடையிலே பராமரித்தார்கள். 1945 ஏப்ரில் 24ஆந் தேதி இரங்கூனைக் கைவிட்டபோது, போஸும் ராணிகளும் மழையிலும் சேற்றிலும் இரவிலே நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் பாங்கொக் வரை வந்தார்கள். பகலிலே விமானம் வரும், காட்டுக்குள் படுப்பார்கள். தனியே புகையிரதத்தில் அனுப்பப்பட்ட ஒரு கூட்டத்தின்மீது வழியிலே துவக்குச்சூடு நடந்து ஸ்டெல்லா, ஜோசப்பின் என்ற இரு ராணிகள் மாண்டார்கள். யுத்தம் முடிந்தது. தோட்டத்துப் பெண்கள் மலாயாவுக்குத் திரும்பி, காக்கியைக் கழற்றி மறைத்துவைத்துவிட்டு, பால்வாளியைத் தூக்கினார்கள்.

அவர்களுள் சிலரை உலகம் மறக்கவில்லை. கப்டன் இலட்சுமி கான்பூரிலே முதுமை வரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்; 2002இல் இந்திய ஜனாதிபதித் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார்; 2012 ஜூலை 23ஆந் தேதி தமது 97ஆவது வயதிலே காலமானார். ஜானகி மலாயா இந்தியன் காங்கிரஸை 1946இல் அமைத்தவர்களில் ஒருவர், 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது, 2014இல் மறைந்தார். இராசம்மா ஆசிரியையானார். ஆசிரியருக்கு ஒரு சம்பளம், ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்ததைக் கண்டு, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்துச் சம ஊதியத்துக்குப் போராடினார். அந்த தசாப்தம் முடியுமுன் வழி திறந்தது. பின்னர் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையின் அதிபருமானார். இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு 54 சதமும் 43 சதமும் நினைவுக்கு வந்தன. நம் தோட்டங்களிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. யுத்தம் முடிந்து 39 ஆண்டுகள் கழித்து.

அக்காளும் தங்கையும் என்று சொன்னேனே, தங்கையின் கதையை ஓரளவு சொல்லிவிட்டேன். அக்காளுக்கு யுத்தத்தின் பின் கிடைத்தது என்ன?

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர்; நாட்டின் சனத்தொகையிலே நூற்றுக்குப் பன்னிரண்டளவு. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வாக்கும் போயிற்று. இதைப் பெரியோர்கள் பல மேடைகளிலே பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் ஒரு வாசகத்தை யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. பல்கலைக்கழக நூலகத்திலே அதை எடுத்து வாசித்தபோது மறுபடியும் மறுபடியும் வாசித்தேன். இலங்கையிலே பிறந்த ஒருவர் பரம்பரையால் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையிலே பிறந்திருக்கவேண்டும்; இல்லையேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே அதில் இல்லை.

என் பூட்டி டிக்கோயாவிலே பிறந்தவர். பன்னிரண்டு வயதிலே கூடை தூக்கியவர். யுத்தம் நடந்த ஆறு வருஷமும் அந்த மலையிலே நின்றவர். அவர் தந்தை புதுக்கோட்டைச் சீமையிலே பிறந்தவராகையால் அவர் பிரஜையல்லர். அவர் கணவரும் அங்கே பிறந்தவராகையால் அவர் பெற்ற பிள்ளைகளும் பிரஜைகளல்லர். இங்கே பிறந்த தாயின் வயிற்றிலே இங்கே பிறந்த பிள்ளைகள்! என் அம்மாயியும் அவர்களுள் ஒருவர். 1964 அக்டோபரிலே சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதியைப் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டார்கள். மிஞ்சியவர்களின் பிரச்சினைக்குச் சட்டப்படி முடிவுகட்டிய பிரஜாவுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது.

பூட்டியின் வீட்டிலே இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர் பூட்டன். அந்தக் கடுதாசியிலே மனைவி என்ற இடத்தில் பூட்டியின் பேரும், கீழே மணமாகாத கடைசி மகனின் பேரும் ஏறின. அம்மாயி அதற்குள் வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் புகுந்த வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆகவே ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு நாடாயினர். எழுபதுகளின் நடுவிலே ஒருநாள் ஹட்டன் நிலையத்தில் அவர்கள் வண்டியேறினார்கள். அந்தப் புகையிரதத்துக்கு நம்மவர் ‘அழுகைக் கோச்சி’ என்று பேர் வைத்திருந்தது பெரியோர்களுக்கு நினைவிருக்கும். தலைமன்னாரிலே ‘இராமானுஜம்’ கப்பல், இராமேசுவரம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே ஒன்றில் வேலை. ஐம்பதாவது வயதிலே பூட்டி மறுபடியும் கூடையைத் தூக்கினார்.

அம்மாயி தம் தாயாரைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார். ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன். பயணப் பத்திரம் எடுக்கப் பூட்டியை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எழுதத் தெரியாததால் கைநாட்டு. எழுதுவினைஞர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் கடுதாசியில் வைத்தார். கறுப்பாய் ஒரு வட்டம் விழுந்தது, கோடு ஒன்றுமில்லை. விரலைத் துடைத்து மறுபடி வைத்தார். அதே வட்டம். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய விரலிலே ரேகை தேய்ந்து போயிருந்தது. அவர் சலித்துக்கொண்டு, “வேறு கை இல்லையா?” என்றாராம். பூட்டி இடது கையை நீட்டினார். அதுவும் கொழுந்து பறித்த கைதான். மூன்றாவது தடவை, விரலின் ஓரத்தைச் சாய்த்து அழுத்தியபோது, இரண்டு மூன்று கோடுகள் விழுந்தனவாம்.